ஒரு பிடி அரிசியும் ஒரு பெயரும்

பாட்டு தொடங்கிவிட்டது; அது முடிந்ததும் சுகிர்தம் எழுந்து பேச வேண்டும். சரணங்கள் மிகுந்த பாட்டு. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எந்தச் சரணத்தையும் விட்டுப் பாடி அவள் கேட்டதில்லை. ஆகவே நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள், வீட்டிலிருந்து புறப்படும்போது பக்கத்து வீட்டுப் பேச்சியிடமும் அதையேதான் சொன்னோம் என்ற நினைவு வந்து இடறியது. நேரம் இருக்கிறது என்றா சொன்னாள்? இல்லை, அப்புறம் சொல்லுதேன் என்றாள். இரண்டும் ஒன்றுதான். அந்த நினைவைத் தள்ளிவிட்டுத் தான் பேச வேண்டிய மூன்று தலைப்புகளை மனத்துக்குள் வரிசையாக நிறுத்தினாள்: சாட்சி சொல்வது யாருடைய கடமை, சோர்வு எங்கிருந்து வருகிறது, சோராதிருப்பது எப்படி. மூன்றும் நன்றாகத்தான் நின்றன, வீட்டிலிருந்து ஆலய மண்டபம் வரும்வரை. இப்போதோ மேலே மின்விசிறி சுழல, முன்வரிசைப் பெண்களின் பவுடர் மணமும் மல்லிகை மணமும் கலந்து வர, மாவுக்கட்டுக்குள் வலக்கை மணிக்கட்டு அரிக்க, முதல் தலைப்பைத் தொட்டால் இரண்டாவது நழுவியது, இரண்டாவதைப் பிடித்தால் கடைசி வரிசையில் வாசலை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பேச்சியின் முகம் குறுக்கே வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. செருப்புகள் கிடக்கும் இடத்துக்கு அருகே, தான் தூக்கி வந்த அரிசி வாளியை ஒப்படைத்துவிட்ட கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்து வைத்தபடி, பேச்சி இருப்பாள். பீடி சுற்றுகிற கை சும்மா இருக்கப் பழகியதில்லை. வாளியை வைத்துவிட்டுப் போய்விடு என்றுதான் சுகிர்தம் சொன்னாள். ஒத்தக் கையோட திரும்பி எப்படி வருவீய, இருந்து கூட்டிட்டே போறேன் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததனால்தான் எல்லாம் சிக்கலாயிற்று. இல்லை, சிக்கல் அதற்கு முன்பே, அடுக்களையில், வாளியின் மூடியைத் திறந்தபோதே தொடங்கிவிட்டது.

இரண்டாம் சரணம். கைப்பிடி அரிசி எடுக்கிற வழக்கத்தைச் சுகிர்தம் ஒருநாளும் விட்டவள் அல்லள். உலை வைத்து, அரிசியைக் களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஊழியத்துக்கென்று தனியே இருக்கும் வாளியில் போட்டு மூடிவிட்டுத்தான் மறுவேலை. மாதம் ஒருமுறை எல்லா வீட்டு அரிசியும் இந்த மண்டபத்துக்கு வரும். காய்ச்சலில் கிடந்தபோதும் போட்டாள். கணவர் இறந்த வாரத்தில், உறவுக்காரப் பெண்கள் அடுக்களையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சமைத்தபோதும், இடையில் புகுந்து தன் பிடியைப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. பெருமை கூடாது என்று போதகரின் மனைவியான ஐயரம்மா பல முறை பேசியிருக்கிறார், சரிதான், ஆனாலும் விடாமல் செய்த ஒன்றைப் பற்றி ஒரு பெண் உள்ளுக்குள் நிமிர்ந்து நிற்பதை ஆண்டவர் அப்படியொன்றும் குற்றமாகக் கணக்கில் வைக்க மாட்டார் என்பது சுகிர்தத்தின் எண்ணம். கிணற்றடியில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டுப் போட்டு, மகள் வந்து மதுரைக்கு அழைத்துப் போனபோது, முதல் முறையாக அந்தப் பிடி நின்றது. திரும்பி வந்து, கூட்டத்துக்குக் கொண்டுபோவதற்காக இன்று வாளியைத் திறந்தால், அரைவாளியாக விட்டுப் போனது நிறைந்து கிடந்தது. அடியில் அவளுடைய பொன்னி அரிசி. மேலே தடித்துப் பழுப்பேறிய ரேஷன் அரிசி. சத்துணவுக் கூடத்து அமைப்பாளராக இருந்து மூட்டை மூட்டையாக அரிசி பார்த்தவள். ஒரு மணியைக் கண்டால் போதும், எந்த அரிசி என்று சொல்லிவிடுவாள். ஊழியத்து அரிசியில் எவளோ தன் ரேஷன் அரிசியைக் கொட்டி வைத்திருக்கிறாள் என்று நெஞ்சு கொதித்தது. காம்பவுண்டில் வீட்டுச் சாவி கொடுத்திருந்தது ஒருத்தியிடம் மட்டும்தான். அவள் வீட்டு வாசலில் நின்று, ஏளா பேச்சி, சாமானம் போட்டு வைக்க ஒனக்கு வேற ஏனமே கெடைக்கலியா என்று கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே கடுமையாக ஒலித்தது. பேச்சி பீடி சுற்றும் சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். புகையிலைத் தூள் ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒங்க கை நின்னு போச்சுல்லக்கா, அதான் எங்க வீட்டுல ஒலை வைக்கும்போதெல்லாம் ஒங்களுக்காக ஒரு பிடி கொண்டாந்து போட்டுட்டிருந்தேன் என்றாள், சொசைட்டியில் பால் வாங்கி வைத்ததைச் சொல்வதுபோல.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பேச்சி வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தெருவில் இறங்கும்போது கேட்டாள்:

"நீங்க போடும்போது வாய்க்குள்ள என்னமோ சொல்லுவியளே, அது என்னக்கா? அது தெரியாமச் சும்மாதான் போட்டேன். அது செல்லுமா?"

அப்புறம் சொல்லுதேன் என்றாள் சுகிர்தம். ஆட்டோ வந்துவிட்டது, ஏறிக்கொண்டார்கள்.

மூன்றாம் சரணத்தில் சுருதி இறங்கிவிட்டது. கனகாபரணம் அக்கா மட்டும் உச்சத்தில் பிடித்து எல்லாரையும் மேலே இழுத்தார். இப்படித்தான், யாரோ ஒருத்தி விடாமல் பிடிக்க வேண்டியிருக்கிறது. லில்லி புஷ்பம் அப்படிப் பிடித்தவள். இரண்டாம் சனிக்கிழமைதோறும் வீடு வீடாகச் சுவிசேஷம் சொல்லும் வீடு சந்திப்புக்குப் போகும்போது லில்லிதான் முன்னே நடப்பாள், சுகிர்தம் குடையோடு பின்னே, ஒரு குடைக்குள் இரண்டு பேர், வெயில் இரண்டு பேருடைய வெளித்தோளிலும் பாதி பாதியாக விழும். எத்தனை வாசல்கள். நாயை அவிழ்த்துவிட்ட வீடு. வசனம் அச்சிட்ட கைப்பிரதியை வாங்கி, அவர்கள் கண்முன்னே கிழித்துப் போட்ட மனிதர். தெரு அசுத்தமாகக் கூடாதென்று லில்லி குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, வாரோம் தம்பி என்று சொன்னது. அந்த மனிதருக்கு முகம் விழுந்துபோனது. நான் எந்தச் சாமியையும் நம்பாதவன் என்று ஒவ்வொரு மாதமும் கேட்டுக்கு உள்ளே நின்றே வாதாடி அனுப்பிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மழையால் ஒரு மாதம் அவர்கள் போகாதிருந்தபோது, மறுமாதம் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று, ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அன்றைக்கும் வாதாடினார், ஆனால் நாற்காலி போட்டு உட்கார வைத்து வாதாடினார். ஞானஸ்நானம் எத்தனை என்று யாரும் கேட்டால் சுகிர்தத்திடம் விடை இல்லை. ஆனால், ஒரு பெரிய நகரத்து மேடையில் நின்று ஆயிரக்கணக்கானோருக்குப் பேசுகிறவர்கள் எவரும் அந்தக் கேட்டுக்கு வரவில்லை. லில்லி புஷ்பமும் சுகிர்தமும் போனார்கள். பிளாஸ்டிக் செருப்பு அறுந்து, ஊக்கு குத்திக்கொண்டு போனார்கள். மருத்துவமனைக் கட்டிலில், பேச்சு நிற்பதற்கு முன், லில்லி கேட்டது மாத்திரையைப் பற்றியோ பேரனைப் பற்றியோ அல்ல. குடையை யார்ட்டயும் இரவல் குடுத்துராத, ரெண்டாஞ் சனி வருது என்றாள். அதை நினைத்தால் இன்றும் சுகிர்தத்தின் முதுகு நேராகிறது. இந்த மண்டபத்தில் பொன்னாடை போர்த்திக்கொண்டவர்களுள் எவருக்கும் லில்லி இளைத்தவள் அல்லள். எவருக்கும்.

ஆனால் லில்லிக்குப் பிறகு குடைக்குள் ஒருத்திதான். போன மாதக் கூட்டத்தில் ஷைனி எழுந்து அதைச் சொல்லிவிட்டாளாம். சுகிர்தம் அப்போது மதுரையில். வங்கியில் வேலை பார்க்கிற பெண், நல்ல பெண், அவள் தவறாக ஒன்றும் சொல்லவில்லை: வீடு சந்திப்புக்கு ஆள் வருவதில்லை, போகிற வீடுகளிலும் கதவு திறப்பதில்லை, சுகிர்தம் பெரியம்மாவும் விழுந்துவிட்டார்கள், இனிமேல் ஆளுக்கு ஒரு வசனத்தைப் படமாகச் செய்து வாட்ஸப்பில் அனுப்பிவிடலாம், அதுவும் சாட்சிதானே. ஐயரம்மா உடனே தலையாட்டவில்லை. சுகிர்தம் வந்து பேசட்டும், அவர்கள் பேசிய பிறகு தீர்மானிப்போம் என்று தள்ளிவைத்தார். வீட்டுக்கு வந்து சொல்லியும் விட்டார்: சகோதரிகளுக்கு ஒரு நம்பிக்கை வேண்டும், இத்தனை வருடத்தில் கண்ட பலன் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், ஒன்று போதும். ஒன்று. பாட்டு நான்காம் சரணத்துக்கு ஏறுகையில் சுகிர்தத்தின் மனம் அந்த ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தது. கடைசி வரிசையில் இருக்கிறதே. எழுந்து, இதோ பாருங்கள், என் பக்கத்து வீட்டுக்காரி, நம் ஆலயத்தைச் சேர்ந்தவள் அல்லள், நான் இல்லாதபோது தன் ரேஷன் அரிசியில் ஊழியத்துக்குப் பிடி போட்டாள் என்று சொன்னால் போதும். மண்டபம் முழுதும் ஸ்தோத்திரம் என்னும்; நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள்; ஷைனியே கை தூக்குவாள்; இரண்டாம் சனிக்கிழமை பிழைத்துவிடும். எவ்வளவு எளிது. அந்த எளிமையைக் கண்டுதான் அவளுக்குக் கூசியது. பேச்சி வந்தது வாளி தூக்க. அவளைப் பிடித்து மேடையில் வைத்து, இது என் பலன் என்று காட்டுவதா? இன்னொருவர் வீட்டுத் தோட்டத்து மாம்பழத்தைத் தன் கூடையில் போட்டுக்கொண்டு, நான் விளைவித்தது என்பதுபோல. அவளோ யாருடைய பலனும் இல்லை. அவள் பேச்சி.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பேச்சி வீட்டில் பொங்கல் இடும்போது, சாமிக்குப் படைக்கும் முன்பே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடி, இது படைக்காததுக்கா, தைரியமாச் சாப்பிடுங்க என்று கொண்டுவந்து கொடுப்பாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. படைத்ததைச் சுகிர்தம் உண்பதில்லை என்பதை, காம்பவுண்டுக்குக் குடிவந்த முதல் வருடமே, தொடாமல் திருப்பி வைத்த கிண்ணத்திலிருந்து தெரிந்துகொண்டாள். மறுவருடம் வருத்தமின்றி முறையை மாற்றிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்துப் பிடிக்கும்போது, பாகு பதம் பார்க்க இவள் பேச்சியைத்தான் கூப்பிடுவாள். இப்படி ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இத்தனை காலம். ஊரெல்லாம் குடை பிடித்துக்கொண்டு போய்ச் சொன்ன ஒன்றை, அந்தச் சுவருக்கு அப்பால் சுகிர்தம் சொன்னதில்லை. சொல்லாமலும் இல்லை. அதுதான் உள்ளே உறுத்துகிற முள். அரிசியைப் போடும்போது அவள் வாய்க்குள் சொல்வது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்குள் பேச்சியின் பெயர் இருக்கிறது. என்றைக்கு அது உள்ளே வந்தது என்று நினைவில்லை. பேச்சியின் மகனுக்கு மஞ்சள் காமாலை கண்டபோதாக இருக்கலாம், அவள் கணவன் சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்தபோதாக இருக்கலாம். வந்த பெயர் வெளியே போகவில்லை. முன்பின் தெரியாதவர் கேட்டிருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பாள். பேச்சியிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், இத்தனை வருசமும் இதுக்குத்தான் பழகுனியளா, இதுக்குத்தான் முந்திரிக்கொத்தா என்று அவள் ஒரு பார்வை பார்த்தால் போதுமே, சுவர் சுவராகிவிடும். மறுவருடம் கிண்ணம் வராது. நாய்க்கு அஞ்சாதவள், கிழித்துப் போட்டவருக்கு அஞ்சாதவள், ஒரு கிண்ணம் வராமல் போவதற்கு அஞ்சினாள். இத்தனை வருடம் வாசல் வாசலாகப் போய், யாராவது ஒருவர் திருப்பி ஒரு கேள்வி கேட்கமாட்டார்களா என்று ஏங்கியவளிடம், கேள்வி தானாக இடுப்பில் வாளியோடு வந்து நின்றது. அவள் ஆட்டோவில் ஏறிவிட்டாள். லில்லி இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? குடையை மடக்கி, அந்த இடத்திலேயே நின்று பதில் சொல்லியிருப்பாள்.

பாட்டு முடிந்தது. ஆமென் நீண்டு அடங்கிற்று. ஐயரம்மா அவள் பெயரைச் சொன்னார். சுகிர்தம் இடக்கையால் முன்பெஞ்சைப் பற்றி எழுந்தாள். மேசையில் வாளிகளும் டப்பாக்களும் வரிசையாக இருந்தன. அவள் வாளியின் மூடி சரியாகப் பொருந்தாமல், மேலே நிறைந்த அரிசி மூடியைச் சற்றே தூக்கி வைத்திருந்தது. மூன்று தலைப்புகளையும் தேடினாள். ஒன்றும் இல்லை. விந்தையாக, அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. சகோதரிகளே என்று தொடங்கி, தன்னிடம் எண்ணிக் காட்டப் பலன் ஒன்றும் இல்லை என்றும், அது ஆண்டவருடைய பாடு என்றும், போவதுதான் தன் பாடு என்றும், லில்லி புஷ்பத்தோடு போன ஒரு வாசலுக்காகக்கூடத் தான் வருந்தியதில்லை என்றும், கை ஒட்டிய பிறகு அல்ல, வருகிற இரண்டாம் சனிக்கிழமையே தான் போகப்போவதாகவும் சொன்னாள். லில்லியின் பெயரைச் சொன்ன இடத்தில் குரல் உயர்ந்தது. பிறகு நிறுத்தினாள். இன்னொன்று இருக்கிறது என்றாள். புறப்படும்போது ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள், நான் பயந்துகொண்டு பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், உங்களுக்குப் பேசுவதற்கு முன் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மண்டபத்தின் தலைகள் எல்லாம் மெல்லத் திரும்புவதைக் கண்டும் அவள் பார்வையை நடுவழியே நேராகக் கடைசி வரிசைக்கு அனுப்பினாள்.

"பேச்சி, நான் சொல்லுறது இவ்வளவுதான். ஆண்டவரே, இந்தப் பிடி உமக்கு, பேச்சியை நினைத்தருளும்."

பேச்சி கோத்திருந்த கைகளைப் பிரித்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"என் பேரா?"

"ஒன் பேருதான்."

"எப்பவுமா?"

"ஒலை வைக்கும்போதெல்லாம்."

சுகிர்தம் அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தாள். இத்தனை வருடம் அஞ்சிய பார்வை, வரட்டும், வந்தால் நின்று வாங்கிக்கொள்வோம் என்று இருந்தாள்.

"அப்படின்னா நீங்க மதுரையில இருந்தப்போ, எம் பேருக்கு நானே போட்டுட்டு இருந்திருக்கேன்" என்றாள் பேச்சி. "இது தெரிஞ்சிருந்தா ரெண்டு பிடியாப் போட்டிருப்பேன்லா."

முதலில் சிரித்தது கனகாபரணம் அக்கா. பிறகு சிரிப்பு வரிசை வரிசையாக முன்னே வந்தது. ஐயரம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்கியபோது பேச்சி எழுந்து நின்றிருந்தாள். இத்தனை பேர் தன்னைப் பார்ப்பது பிடிக்காதவள்போல மேசையை மட்டும் பார்த்துச் சொன்னாள். வாற சனிக்கிழமை அக்காவுக்குக் குடை பிடிக்க முடியாது, கை ஆவாது, நான் பிடிக்கேன். பேசுறது அவிய பாடு, எனக்கு அதெல்லாம் தெரியாது. யாராவது நாய அவுத்து விட்டா, அத நான் பாத்துக்கிடுதேன். மறுபடியும் சிரிப்பு, அதற்குள் ஷைனி எழுந்து, இரண்டாம் சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறைதான், நானும் வருகிறேன் பெரியம்மா என்று, பாதி தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஐயரம்மா தீர்மானம் எதையும் வாசிக்கவில்லை. வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை என்பதைச் சுகிர்தம் கவனித்தாள். சொல்லாததற்காக உள்ளுக்குள் நன்றி சொன்னாள். பெருமையாக இருந்தது. எதற்கென்று பிரித்துப் பார்க்க வழக்கம்போல மனம் முனைந்தது: லில்லிக்காகவா, சனிக்கிழமைக்காகவா, கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து நின்ற அந்தப் பீடிக்காரிக்காகவா? பிரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ஐயரம்மா இதைக் குற்றம் என்று சொன்னால் சொல்லட்டும்.

கூட்டம் கலைந்து, காலியான வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சி செருப்பைத் தேடினாள். சுகிர்தம் ஒற்றைக் கையால் சேலைத் தலைப்பை இழுத்து மூடி, அவள் பக்கத்தில் வந்து நின்றாள். வெளியே வெயில் இன்னும் தாழவில்லை. மண்டபத்து வாசலில் ஆட்டோ ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் சும்மா போட்டதும் செல்லும்லா?"

"செல்லும். ஒன்னுகூட வீண் போவாது."

"அப்பச் சரி. இனிமே எங்க வீட்டு ஒலை வைக்கும்போது ஒங்க பேரச் சொல்லிப் போடுதேன்." பேச்சி வாளியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "பேரு தெரியும். யார்ட்டச் சொல்லணும்ங்கறதுதான் எனக்குச் சரியாத் தெரியல. அத மட்டும் சொல்லித் தாங்க."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். சுகிர்தம் அவரைப் போகச் சொல்லிக் கையசைத்தாள். மண்டபத்துப் படியில் கால் வைப்பதற்கு முன்பே, நடந்தே போவோம் பேச்சி என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.